பழைய வண்டிக்கு உறுப்புத் தேர்தல்



பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறு செல்வோர், தமிழகத்திற்குள் வந்து, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சென்று, சின்னாற்றில் மீண்டும் கேரள எல்லையைக் கடந்து, மறையூர் மலைப்பாதையில் ஏறுவதுண்டு. மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கிருந்து இறங்கி வருகையில் பிரேக்கே உயிர்த்துணை. அந்தப் பிரேக்குக்குரிய சிறு உறுப்பொன்றைத் தேர்வதில் நாங்கள் செய்த பிழையை இன்று கூற விழைகிறோம். அயல் மாநிலங்களில் வாழும் நம்மவருள் பலர், விடுமுறைக்கு ஊர் திரும்பியதும் கொட்டகையில் நிற்கும் பழைய வண்டியைத் துடைத்து எடுப்பவர்கள். அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

எங்கள் இல்லத்தில் தந்தையார் வாங்கிய அம்பாசிடர் வண்டி ஒன்றுண்டு. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை செய்யப்பட்ட வண்டி அது. வெளித்தோற்றம் பெரிதும் மாறாதிருந்தும் உள்ளுறுப்புகள் மாறிக்கொண்டே வந்தன. தொடக்கக் காலத்து வண்டிகள் பலவற்றில் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சின் இருந்தது. 1990-களில் இசுசு எஞ்சின் பொருத்திய வண்டிகளும் வந்தன. ஆதலின் கடைக்குச் சென்று “அம்பாசிடர் சாமான் வேண்டும்” என்று மட்டும் கேட்பது, “இந்திய மொழியில் ஒரு நூல் தருக” என்று கேட்பதை ஒக்கும். வண்டியின் ஆண்டு, எஞ்சின் எண், சேஸிஸ் எண் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, கழற்றிய பழைய உறுப்பையும் கையில் எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பின்சக்கரத்து வீல் சிலிண்டரில் ரப்பர் கப் தேய்ந்திருந்தது. விலை குறைவென்று, பெயர் அச்சிடாத உறையிலிருந்த ஒன்றை வாங்கினோம். அளவு பொருந்தியது, ரப்பர்தான் தரமற்றது. மலையேறும்போது குறை ஒன்றும் தெரியவில்லை. திரும்புகையில், மறையூரைக் கடந்த வளைவொன்றில், மிதித்த பிரேக்கு அடிவரை அமிழ்ந்துவிட்டது. பின்னிருக்கையில் தாயாரும் குழந்தைகளும் இருந்தனர். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி வண்டியை நிறுத்தினோம். கைப்பிரேக்கு எண்ணெயாலன்றிக் கம்பியால் இயங்குவதால் கைகொடுத்தது. அந்தப் பழைய வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக்கு எண்ணெய் ஒரே வழியாகச் செல்வதால், ஒன்றில் கசிந்தால் நான்கும் பயனற்றுப்போகும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த முதிய மெக்கானிக் கப்பைக் கையிலெடுத்துப் பார்த்தார். “ஏனுங்க சார், கதவுப் பிடி கெட்டா கதவு திறக்காது, அவ்வளவுதானுங்க. இது கெட்டா வீடு போய்ச் சேர முடியுமுங்களா?” என்றார்.

உறுப்புத் தேர்வுக்கு இதனினும் நல்ல அளவுகோல் எமக்குக் கிடைக்கவில்லை. கெட்டால் என்ன நேரும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கதவுப் பிடி, விளக்குக் கூடு, பம்பர் போன்றவற்றைப் பழைய சாமான் கடைகளில் வாங்கலாம். சென்னைப் புதுப்பேட்டையிலும், கோவை உக்கடத்திலும், கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் தேடினால் கிடைக்கும் பழைய அசல் உறுப்பு, புதிய போலியைவிடப் பல வேளைகளில் நன்றாகப் பொருந்தும். பிரேக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றின் உறுப்புகளையோ புதியனவாக, செய்தவர் பெயரும் உறுப்பு எண்ணும் உள்ளனவாகவே வாங்க வேண்டும். புதியதிலும் எச்சரிக்கை தேவை. கடையில் பல்லாண்டு கிடந்த ரப்பர், பயன்படாமலே இறுகி வெடித்துவிடும். பிரேக்கு ஷூக்களை இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒருபுறம் மட்டும் மாற்றினால், பிரேக்கு மிதிக்கையில் வண்டி ஒருபக்கமாக இழுக்கும்.

பிரேக்கு எண்ணெயும் ஓர் உறுப்பே எனக் கருதுக. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது; ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகையளவுக்குத் தாழ்ந்துவிடலாம். நெடிய இறக்கத்தில் பிரேக்கு சூடேறும்போது அது கொதித்து ஆவியானால், கசிவின்றியே மிதிகட்டை அமிழும். ஆகவே மூடி உடைக்காத புதிய டின்னையே வாங்குக. எஞ்சின் எண்ணெயை அதில் ஒருபோதும் கலவற்க. அது ரப்பரை ஊதச் செய்து கெடுக்கும்.

நாங்கள் அன்று மிச்சப்படுத்திய தொகை ஒருவேளைச் சிற்றுண்டிக்கும் போதாது. இப்போதெல்லாம் மலையிறங்குமுன் பிரேக்கை ஒரு நிமிடம் ஒரே சீராக அழுத்திப் பார்க்கிறோம். கால் மெல்லத் தாழ்ந்தால் எங்கோ கசிவு உண்டென்பது பொருள். அன்று பயணம் இல்லை. தாயாருக்குப் பேருந்தில் இடம் தேடுகிறோம்.