குழந்தையும் தூங்கணும், தாயும் தூங்கணும்!

('கைக்குழந்தையின் நல்ல உறக்கத்துக்குப் பெரிதும் துணை நிற்பது தாலாட்டே! பழக்க ஒழுங்கே!' என்ற பட்டிமன்றத்தில், 'பழக்க ஒழுங்கே' என்ற அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் தூளி கட்டி ஆட்டிக்கொண்டிருக்கும் அன்பு நண்பர்களே! பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிற தாய்மார்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் தாலாட்டைப் பாடியே காட்டினார். அருமையான குரல். முன் வரிசையில் இரண்டு பேர் கண்ணயர்ந்ததை நானே பார்த்தேன். இரண்டு பேருக்கும் வயது அறுபதுக்கு மேல்! (சிரிப்பு, கைதட்டல்) ஆனால் நடுவர் அவர்களே, இன்றைய வழக்கு அறுபது வயதுக் குழந்தையைப் பற்றியது அல்ல. நான்கு மாதக் குழந்தையைப் பற்றியது.

நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தார்கள். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. பிறந்த குழந்தைக்கு இந்த இலக்கணம் தெரியாது. நமக்கு யாமம், அதற்கு நண்பகல்! ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணை முழிச்சுக்கிட்டு, 'என்ன, எல்லாரும் அதுக்குள்ள படுத்துட்டீங்களா?' என்று கேட்பது போலப் பார்க்கும். (சிரிப்பு)

காரணம் என்ன? நம் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டு சொன்ன மூன்று அறிஞர்களுக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசே கொடுத்தார்கள். பிறந்த குழந்தையின் கடிகாரத்துக்கு இன்னும் முள் பூட்டவில்லை. இரண்டு, மூன்று மாதம் ஆன பிறகுதான் இரவும் பகலும் பிரிந்து வரத் தொடங்கும். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி எது? பாட்டு அல்ல ஐயா, வெளிச்சம்! காலையில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பகலில் வீட்டுச் சத்தம் இருக்கட்டும். இரவில் விளக்கைத் தணித்து, பேச்சுக் கொடுக்காமல் பால் கொடுத்து, துணி மாற்றிப் படுக்க வையுங்கள். இதற்குப் பெயர் தாலாட்டு அல்ல, ஒழுங்கு!

அடுத்து, எல்லாத் தாய்மார்களும் சொல்கிற குறை: 'பகல்ல அரை மணி, முக்கால் மணியில எழுந்துடறான்.' 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், உறங்குகிறவர்களின் இமைக்குள்ளே கண்கள் வேகமாக அசைகிற ஒரு கட்டம் இருப்பதை உலகுக்குச் சொன்னார்கள். தூக்கம் ஒரே நீளமான துணி அல்ல. சுற்றுச் சுற்றாக வருவது. பெரியவர்களுக்கு ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். கைக்குழந்தைக்கு ஏறக்குறைய 50 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது குழந்தை மேலே மிதந்து வந்து, நெளிந்து, ஒரு சிணுங்கு சிணுங்கும்.

அப்போது நம் வீட்டில் என்ன நடக்கிறது? பாட்டி அடுப்பங்கரையிலிருந்து ஓடி வருகிறார். தாத்தா கிலுகிலுப்பையோடு வருகிறார். அத்தை, 'என் தங்கம் முழிச்சிருச்சா?' என்று தூக்கியே விடுகிறாள். அது வெறும் இடைவேளை ஐயா! நாம் 'சுபம்' போட்டு விளக்கைப் போட்டுவிட்டோம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஓரிரு நிமிடம் பொறுங்கள். நெஞ்சின் மேல் மெல்லக் கையை வையுங்கள். பல நேரம் அடுத்த சுற்றுக்குத் தானே போய்விடும். அழுதால், பசித்தால் தூக்குங்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? ஐந்தாறு மாதம் வரை பகல் தூக்கம் துண்டு துண்டாக இருப்பதும் இயல்புதான். அதை நோய் என்று நினைத்துக் கலங்க வேண்டாம்.

மூன்றாவது, 'பகல்ல தூங்க விடாதே, அப்பத்தான் ராத்திரி நல்லாத் தூங்கும்' என்று ஒரு பழைய சட்டம். களைத்த கூலியாள் கட்டையாகத் தூங்குவார். களைத்த கைக்குழந்தை அழும்! இரண்டு மாதக் குழந்தையால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் விழித்திருக்க முடியும். நான்கு மாதத்தில் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி. ஆறு மாதத்தில் இரண்டு, மூன்று மணி. கொட்டாவி விடும், கண்ணைக் கசக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த நேரத்தில் படுக்க வைத்தால் வேலை பாதி. தவறவிட்டால் தாலாட்டு அல்ல, கச்சேரியே வைத்தாலும் தூங்காது! (சிரிப்பு)

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு கணக்குச் சொன்னது. மூன்று மாதம் வரை நாளுக்கு 14 முதல் 17 மணி. 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி. பகல் தூக்கமும் சேர்த்துத்தான். ஒரே மூச்சில் அல்ல, சில்லறையாகச் சேர்த்து!

நடுவர் அவர்களே, இப்போது சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். என்னிடம் ஆய்வு செய்ய வந்த ஒரு மாணவி. வீட்டில் ஐந்து மாதக் குழந்தை. நூலகத்தில் புத்தகத்தின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி, 'என்னம்மா?' என்றேன். அவள் சொன்னாள்: 'வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் குழந்தை தூங்குச்சான்னு கேக்கறாங்க மேடம். நீ தூங்குனியான்னு யாரும் கேக்கல.' (அமைதி)

தூக்கம் கெட்ட வீட்டில்தான் ஆபத்து நுழைகிறது. 'கொஞ்சம் கசகசா அரைச்சுக் குடு', 'சளி மருந்து ஒரு சொட்டு விடு' என்று யோசனை வரும். வேண்டாம் தாயே! அது தூக்கம் அல்ல, மயக்கம். பிஞ்சின் மூச்சையே தளர்த்திவிடும். தூளியிலும் கவனம் வேண்டும். தாடை நெஞ்சில் படிந்தாலோ, துணி முகத்தில் ஒட்டினாலோ மூச்சு தடைபடலாம். சமமான, கெட்டியான படுக்கையில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. அமெரிக்காவில் 1994-இல் இதையே ஓர் இயக்கமாக நடத்தினார்கள். அதற்குப் பின்னர் வந்த ஆண்டுகளில் தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

எதிரணியினர் கேட்கலாம்: 'தமிழ்ப் பேராசிரியராக இருந்துகொண்டு தாலாட்டை எதிர்க்கிறீர்களே?' நான் எங்கே எதிர்த்தேன்? பிள்ளைத்தமிழ் படித்தவள் நான். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவம் வைத்தார்கள். தால் என்றால் நாக்கு. நாக்கை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு. அந்தத் தாலைக்கூடத் தன்னிஷ்டத்துக்கு வைக்கவில்லை. செங்கீரைக்குப் பின், சப்பாணிக்கு முன் என்று வரிசையில் வைத்தார்கள். அந்த வரிசைக்குப் பெயர்தான் ஐயா ஒழுங்கு! (கைதட்டல்)

ஒழுங்கு என்றால் கடிகாரத்தைப் பார்த்துக் குழந்தையை மிரட்டுவது அல்ல. துடைத்துவிடுவது, துணி மாற்றுவது, பால் கொடுப்பது, விளக்கைத் தணிப்பது, ஒரு பாட்டு, படுக்கை. நாள்தோறும் இதே வரிசை. நாளடைவில் முதல் படியிலேயே குழந்தைக்குப் புரிந்துவிடும், 'ஓகோ, அடுத்து தூக்கம்' என்று. அந்த வரிசையில் தாலாட்டுக்கும் இடம் உண்டு. எதிரணி நண்பர்களே, உங்கள் தலைவி எங்கள் கட்சியின் உறுப்பினர்! (பலத்த கைதட்டல்)

நிறைவாக ஒன்று. தாலாட்டு மட்டும்தான் என்றால், தாய் மட்டும்தான். தொண்டை கட்டினாலும், காய்ச்சல் வந்தாலும், அவளேதான் பாட வேண்டும். ஒழுங்கு என்றால் வீடே பங்கு போட்டுக்கொள்ளலாம். துணியை அப்பா மாற்றலாம். விளக்கைத் தாத்தா தணிக்கலாம். பாட்டைப் பாட்டி பாடலாம். தாய்ப்பால் ஒன்றுதான் தாயால் மட்டுமே கொடுக்க முடியும். மற்ற எல்லாவற்றுக்கும் இந்த வீட்டில் கைகள் உண்டு!

ஆகவே நடுவர் அவர்களே, தாலாட்டு குழந்தையைத் தூங்க வைக்கலாம். குழந்தையோடு சேர்த்துத் தாயையும் தூங்க வைப்பது பழக்க ஒழுங்கே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)