மாத்திரைச் சீட்டை மறைக்காதீர்கள்

(நைனார்பாளையத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றி எப்போதும் பேசுகிறோம். இன்று நாம் பேசக் கூச்சப்படுகிற ஒரு விஷயத்தைப் பேசலாம். மனநோய்க்குச் சாப்பிடுகிற மாத்திரை.

சக்கரை மாத்திரையை எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்கிறோம். இந்த மாத்திரையை மட்டும் அரிசிப் பானைக்குள் ஒளிக்கிறோம். அந்த ஒளிப்பில்தான் ஆபத்து இருக்கிறது.

நம் குழு அக்கா ஒருவரின் மகனுக்குக் காதில் குரல் கேட்டது. "யாரோ கொல்ல வர்றாங்க" என்று நடுங்குவான். மாத்திரை சாப்பிட்டு நாலு மாதத்தில் மரவள்ளித் தோட்டத்து வேலைக்குப் போனான். "அதான் நல்லாயிட்டானே, ஊருக்குத் தெரிஞ்சா யாரு பொண்ணு தருவா?" என்று அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டார். நிறுத்தியது அன்றே தெரியாது. இரண்டு மாதம் கழித்து நோய் திரும்பி வந்தது. "கொண்டுபோய் சங்கிலி போட்டு வை" என்றார்கள் உறவுக்காரர்கள்.

சங்கிலி என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டவே கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அந்த அக்கா மகனை மறுபடியும் டாக்டரிடம் அழைத்துப் போனார். இப்போது தேறி வருகிறான்.

"எந்நேரமும் தூங்குறான் மேடம், கை நடுங்குது, அதான் நிறுத்தினேன்" என்பார்கள். அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், மாத்திரையை மாற்றுவார். நாமாக நிறுத்தக் கூடாது.

கவனிக்க வேண்டியவை:

1. ஒரு வேளை தவறினால், அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காதீர்கள்.

2. மாத்திரை சாப்பிட மறுத்தால் சோற்றில் ஒளித்துக் கலக்காதீர்கள். மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. டாக்டரிடம் கேளுங்கள்.

3. காய்ச்சல், சளி, வாந்தி எதற்குப் போனாலும் இந்தச் சீட்டையும் காட்டுங்கள். மெடிக்கல் ஷாப்பிலும் காட்டுங்கள். சில சளி மருந்து தூக்கத்தைக் கூட்டும். வாந்தியை நிறுத்தும் சில மருந்து உடல் விறைப்பைக் கூட்டும். வலிப்புக்குத் தரும் கார்பமசபின், சில மனநல மாத்திரைகளின் பலனைக் குறைத்துவிடும்.

4. 2024 ஜூனில் கருணாபுரத்தில் நடந்ததை நாம் மறக்கவில்லை. அது விஷச் சாராயம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கடையில் விற்கிற மதுவும் ஆபத்துதான். மயக்கம் கூடும், மூச்சும் தடைபடலாம்.

5. குளோசபின், ஓலன்சபின் சாப்பிடுகிறவர் பீடியை விடுவது நல்லதுதான். ஆனால் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பீடியை விட்டதும் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடும்.

6. குளோசபினுக்கு ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். காய்ச்சல், தொண்டை வலி வந்தால் அன்றே காட்டுங்கள். மலச்சிக்கலையும் சாதாரணமாக விடாதீர்கள்.

7. எடையும் சக்கரையும் ஏறலாம். அவ்வப்போது பரிசோதியுங்கள். வெயில் வேலையில் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்.

8. கர்ப்பம் என்று தெரிந்தால் பயந்து நிறுத்தாதீர்கள். உடனே டாக்டரைப் பாருங்கள்.

திடீரென்று கழுத்து ஒருபக்கம் இழுத்து, கண் மேலே செருகினால் பேய் பிடித்தது என்று நினைப்பார்கள். அது மருந்தின் பக்கவிளைவு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டால் சரியாகும். கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டை மாதிரி விறைத்து, பேச்சு குழம்பினால் உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள்.

மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

கடன் தவணை தவறினால் குழுவே போய் விசாரிக்கிறோம். மாத்திரை தவறினாலும் அதே அக்கறையோடு விசாரிப்போம்.