ஏகாரமும் ஆங்கிலமும்

தமிழ்க் கவிதையை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் இடறும் இடங்களுள் ஒன்று ஏகாரம். ஓரெழுத்துத்தான், எனினும் தொல்காப்பியம் அதற்கு 5 பொருள்களும், நன்னூல் 6 பொருள்களும் கூறுகின்றன. அவற்றுள் பிரிநிலையும் தேற்றமுமே பெயர்ப்போரைப் பெரிதும் மயக்குவன.

'அவளே வந்தாள்' என்னும் தொடரைக் காண்போம். பிறர் எவரும் வரவில்லை எனின், 'ஷீ அலோன் கேம்' பொருந்தும். ஆள் அனுப்பாது தானே நேரில் வந்தாள் எனின், 'ஷீ ஹெர்செல்ஃப் கேம்' என்க. வந்தவள் வேறொருத்தி அல்லள் என வலியுறுத்தின், 'இட் வாஸ் ஷீ ஹூ கேம்' எனத் தொடரையே மாற்றியமைத்தல் வேண்டும்.

இவ்வேறுபாட்டை நோக்காது, ஏகாரந்தோறும் 'ஒன்லி' இடுவோர் உளர். 'இங்கேதான் இருக்கிறேன்' என்பதை 'ஐ ஆம் ஹியர் ஒன்லி' என்றால், நம்மவர்க்குப் பேச்சில் விளங்கும். கவிதையில் காணும் பிறநாட்டார் 'இங்கு மட்டும்' என்றே கொள்வர். கவிஞர் தந்த உறுதி வெறும் வரையறையாகச் சுருங்கிவிடும்.

தனிச்சிறப்பைக் குறிக்கும் சொல்லிலும் இக்கவனம் தேவை. 'யூனீக்' என்பது 'ஒன்று' எனப் பொருள்படும் லத்தீன் வேரினின்று பிறந்தது. அதன்முன் 'வெரி' சேர்ப்பதை ஆங்கில நடைநூலார் பலர் ஏற்பதில்லை. ஒன்றேயானதற்கு 'மிக' எதற்கு?

ஈற்றசை ஏகாரத்திற்கோ எச்சொல்லும் வேண்டா, விட்டுவிடுதலே முறை.

ஆதலின், அகராதியைத் திறக்குமுன் நன்னூலைத் திறப்பது நலம். இவ்வேகாரம் பிரிக்கிறதா, தேற்றுகிறதா, வெறுமனே நிற்கிறதா என்று தெளிந்தவர்க்கே உரிய ஆங்கிலச் சொல் கைகூடும்.