மாடியில் குடியிருப்பது யார்?

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆவண எழுத்தர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. இந்தத் திருச்சியில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். கல்லூரி திறக்கும் நேரம் வந்துவிட்டால் காஜாநகர், காஜாமலைப் பக்கம் மாடி வீடு தேடி மாணவர்கள் வருவார்கள். நம்மில் எத்தனையோ குடும்பங்களுக்கு, அதிலும் கணவரை இழந்த பெண்களுக்கு, அந்த வாடகையில்தான் அடுப்பு எரிகிறது. அதனால்தான் இதைப் பேச வந்தேன்.

என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று பையன்கள் வந்தார்கள். நல்ல பையன்கள், மரியாதையாகப் பேசினார்கள். வாடகை ஒன்பதாயிரம். ஒப்பந்தத்தில் ஒருவன் மட்டும் கையெழுத்துப் போட்டான். ஆறு மாதம் ஒழுங்காகப் பணம் வந்தது. பிறகு பார்த்தால் மாடிப்படியில் ஏழு ஜோடிச் செருப்பு! கேட்டால், "ஃபிரண்ட்ஸ் வந்திருக்காங்க பாட்டிம்மா" என்று பதில். பெரியம்மாவும் விட்டுவிட்டார்கள்.

உண்மையில் முதலில் வந்த மூவரும் காலி செய்து போய் இரண்டு மாதமாகியிருந்தது. கையெழுத்துப் போட்டவன் ஆளுக்கு 2,500 ரூபாய் பேசி வேறு ஏழு பேரை வைத்துவிட்டான். மாதம் 17,500 வாங்கி, ஒன்பதாயிரத்தை இங்கே அனுப்பிவிட்டு மீதியைத் தான் வைத்துக்கொண்டான். ஒருநாள் அதையும் நிறுத்திவிட்டான். போன் சுவிட்ச் ஆஃப். அந்தச் சமயம் பார்த்து, கீழே நின்ற ஒரு பைக் திருட்டு பைக் என்று இரவு பதினொரு மணிக்குப் போலீஸ் வந்தது. "மேலே இருக்கிறவங்க யாரு?" என்று கேட்டார்கள். பெரியம்மாவுக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. எழுபது வயதில் அவர்கள் நடுங்கிப்போய் நின்றதை நான் மறக்கமாட்டேன்.

சவூதியில் இருக்கும் மகன் போனில், "தண்ணியை நிறுத்துங்க, கரண்ட்டைப் புடுங்குங்க" என்றான். நான்தான் தடுத்தேன். குடியிருப்பவர் தவறே செய்திருந்தாலும் தண்ணீர், மின்சாரத்தை உரிமையாளர் துண்டிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நியாயம் நம் பக்கம் இருக்க, குற்றவாளியாக நாம் நிற்க வேண்டியதாகிவிடும்.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பற்றிய 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடக்கூடாது என்கிறது அது. மீறினால், வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தை அணுக அதுவே போதுமான காரணம். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கவும் வேண்டும். "பதினோரு மாசத்துக்கு ஸ்டாம்ப் பேப்பர் எழுதிட்டோமே பாய்" என்பார்கள். அது பீரோவுக்குள் கிடந்தால் போதாது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாம்தான் "நம்ம புள்ளைங்கதானே" என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறோம்.

தங்கப்போகும் ஒவ்வொரு பையனும் கையெழுத்துப் போடட்டும். ஆதார் நகல், கல்லூரி அடையாள அட்டை நகல், ஊரில் பெற்றோரின் முகவரி, போன் நம்பர் எல்லாம் வாங்குங்கள். பெற்றோரிடம் ஒருமுறை நீங்களே பேசிவிடுங்கள். இத்தனை பேர்தான், மாற்றம் வந்தால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முக்கியமாக, ஒப்பந்தத்தில் இல்லாத ஒருவன் கூகுள் பேயில் வாடகை அனுப்பினால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். அவனைக் குடியிருப்பவனாக நீங்களே ஏற்றுக்கொண்டீர்கள் என்று நாளை வாதாட அது வழிவிடும். யார் நீ என்று அன்றைக்கே கேட்டு, பதிலை வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள்.

கரண்ட் பில்லும் காட்டிக்கொடுக்கும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். மூன்று பேர் இருக்கும் வீட்டில் அது திடீரென்று ஏறினால் மாடி ஏறிப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு வீடு விட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருத்தி பத்துப் பேரைச் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் அதை விடுதி என்றுதான் பார்ப்பார்கள். பெண்கள் விடுதிக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதிகாரிகள் வந்தால் முதலில் தேடுவது வீட்டுக்காரரைத்தான்.

பையன்களையும் ஒரேயடியாகத் திட்டவேண்டாம். பெரியம்மா வீட்டு ஏழு பேரும் ஏமாந்தவர்கள்தான். ஆளுக்கு ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தியதுகூட அவர்களைப் பார்க்க வந்த வேறொருவன் என்று விசாரணையில் தெரிந்தது. பெற்றோரை வரவழைத்துப் பேசினோம். நான்கு பேர் வேறு இடம் பார்த்துப் போனார்கள். மூன்று பேர் புது ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். இரண்டு மாத வாடகை போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நான் அறக்கட்டளை அலுவலகத்தில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். உங்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம். வஸ்ஸலாம்.