சுற்றுப்புறச் சுகாதாரத்தில் பட்டமேற்படிப்பு
(சிரம்பானில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



பட்டம் பெற்ற பிள்ளை மேலும் படிக்க விரும்புகிறான். அதுவும் சுற்றுப்புறச் சுகாதாரமாம். “சாக்கடை பார்க்கவா இத்தனை படிப்பு?” என்று வினவும் பெற்றோரை நாம் அறிவோம். நம் மாநிலத்தில் நடந்ததையே அவர்களுக்குச் சொல்வோம்.

1998இல் ஈப்போ வட்டாரத்தில் தோன்றிய மூளைக்காய்ச்சல், விற்கப்பட்ட பன்றிகளின் வழியே புக்கிட் பிலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளுக்கும் வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். புகையடித்தனர், தடுப்பூசி போட்டனர். போட்டுக்கொண்டவரும் நோயுற்றனர். கொசு எல்லாரையும் கடிக்குமே. பிள்ளைகளை விட்டுப் பன்றிப் பண்ணையில் உழைத்த ஆண்களையே இந்நோய் பற்றியது ஏன்? இவ்வாறு கேட்கத் தெரிவதே இப்படிப்பின் உயிர்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியொன்றைக் கண்டறிந்தார். அவரும் அப்பொழுது மேற்பயிற்சியில் இருந்தவரே. சுங்கை நிப்பாவின் பெயரையே கிருமிக்கு இட்டனர். தொழுவத்தருகே நின்ற பழமரங்களிலிருந்து, வௌவால் கடித்த கனிகள் பன்றிகளுக்குக் கிடைத்ததே தொடக்கம் என ஆய்வாளர் பின்னர் விளக்கினர். அதற்குள் மலேசியாவில் 105 உயிர்கள் போயின.

பால் உறையவைக்கும் அமிலம், களைக்கொல்லி, குடிநீர் ஆகியவையும் இத்துறையின் பாடங்களே. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பு உண்டு. மாதச் சம்பளம் ஓரிரு ஆண்டு தள்ளிப்போகும். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால், களைக்கொல்லி வந்த தோம்பில் நீர் பிடித்து வைத்த லயத்தைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு எழும் கேள்வி, பட்டணத்துப் பிள்ளைக்கு எளிதில் எழாது.