ஆபீஸுக்கு ஒட்டின கை, வீட்டுக்கும் ஒட்டட்டும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு "குறைந்த செலவில் வீட்டு அலங்காரம்". நோட்டீஸைப் பார்த்த ஒரு மதினி, "தவணை கட்டவே மூச்சு முட்டுது, இதுல அலங்காரம் ஒரு கேடா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா பொங்கல் வந்தா, வீட்டுல சடங்கு வந்தா, பொண்ணு பார்க்க வர்றாங்கன்னா, வீட்டைச் சரிபண்ணணும்னு உள்கடன் கேட்கிறவங்க எல்லாக் குழுவிலும் இருக்காங்க. குழுவில் கிடைக்கலைன்னா வாரத் தவணைக்காரர்கிட்டே போறாங்க. ஆக, ஆசை ஏற்கெனவே இருக்கு. அதைக் கடன் வாங்கித்தான் தீர்க்கணுமா என்பதுதான் பேச்சு. நான் இங்கே சொல்லப்போற எதுக்கும் கடன் வேண்டாம்.

முதல்ல நம்ம கையைப் பாருங்க. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தாங்க. அது கைத்தொழிலா ஊர் ஊராப் பரவினதிலிருந்து மடிக்கிறதும் உருட்டுறதும் ஒட்டுறதும் பெரும்பாலும் பெண்கள் கைதான். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், அச்சாபீஸ், எங்கே போனாலும் இந்த வேலையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 தீபாவளி முடிஞ்சு, கோர்ட்டு உத்தரவுக்குப் பிறகு பட்டாசு ஆபீஸ்கள் மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்துச்சு, ஞாபகம் இருக்கா? அப்போ கை சும்மா இருந்துச்சே ஒழிய, கைப்பழக்கம் எங்கேயும் போகலை. இத்தனை வருஷம் கணக்குக்கு ஒட்டின கை, ஒரு தடவை நம்ம வீட்டுக்கும் ஒட்டட்டுமே.

பொருளும் நம்ம ஊர்லயே இருக்கு. ஆடிப்பெருக்கன்னிக்கு சிவகாசியில் பூஜை போட்டு அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க. அதுக்கப்புறம் அச்சகத்தில் நிறம் சேருகிற வரைக்கும் ஓடிக் கழியுற தாள் எவ்வளவு, ஓரம் வெட்டின துண்டு எவ்வளவு! எல்லாம் எடைக்குப் போகுது. அதில் ரெண்டு வகை உண்டு. பளபளன்னு இருக்கிற ஆர்ட் பேப்பர் கூழுக்குச் சரிப்படாது; சுருட்டி, மடிச்சு, ஓரம் கட்ட அது நல்லா இருக்கும். தினசரிக் காலண்டரில் நாம கிழிக்கிற தாள் மாதிரி சாதாரணத் தாள்தான் கூழுக்கு வேணும். ஒரு துண்டைத் தண்ணியில் நனைச்சு விரலால் தேய்ச்சுப் பாருங்க. கரைஞ்சு வந்தா நல்ல தாள்.

நம்ம பாட்டிமார் சுளகுக்குக் காகிதமும் வெந்தயமும் அரைச்சு மெழுகுவாங்களே, அதே கூழில்தான் காகிதக் கூடையும் செய்வாங்க. தாளைச் சின்னதாக் கிழிச்சு ரெண்டு மூணு நாள் ஊறப்போடணும். தினமும் தண்ணி மாத்தணும், இல்லேன்னா நாத்தம் வீட்டைக் காலிபண்ணச் சொல்லும். ஒரு கிலோ தாளுக்கு நூறு கிராம் வெந்தயம் என்பது எங்க குழுக் கணக்கு. வெந்தயத்தை ராத்திரியே ஊறவச்சு, தாளைப் பிழிஞ்சு, ரெண்டையும் சேர்த்து ஆட்டுரலில் அரைக்கணும். மிக்ஸியில் போடலாம், ஆனா தண்ணி அதிகம் கேட்கும், அப்புறம் காயுறதுக்குள் சரிஞ்சிடும். ஆட்டுரல் கூழ் வெண்ணெய் மாதிரி வரும்.

ஒரு சட்டியையோ குடத்தையோ கவுத்து, மேலே ஈரத்துணி போத்தி, விரல்கனத்துக்குக் கூழை அப்பணும். கனம் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு பக்கம் மெலிஞ்சா அங்கேதான் வெடிக்கும். எடுத்ததும் வெயிலில் வைக்காதீங்க. நம்ம விருதுநகர் வெயில் ஒரே நாளில் கூடையைப் பிளந்துடும். முதல் நாள் நிழல், அப்புறம் சட்டியிலிருந்து கழட்டி நாலு நாள் வெயில். காஞ்சதும் உள்ளேயும் வெளியேயும் நிறத் தாளை ஒட்டினா, இது கடையில் வாங்கினதான்னு கேட்பாங்க. பூச்சி அரிக்காம இருக்க ஒட்டுற பசையில் மயில்துத்தம் கலப்பாங்க. துத்தம் விஷம். சின்னப்பிள்ளை இருக்கிற வீட்டில் அது வேண்டாம். வெந்தயக் கசப்பே போதும்.

பாட்டிமார் அந்தக் கூடையில் அரிசிகூடப் போட்டு வச்சாங்க. நாம அதைச் செய்ய வேண்டாம். அச்சு மை உடம்புக்கு ஆகாதுன்னுதான் செய்தித்தாளில் பலகாரம் மடிக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்புத் துறை சொல்லுது. சாவி, வளையல், நூல்கண்டு, பிள்ளைங்க பென்சில், இதுக்கெல்லாம் வச்சுக்கலாம். முறுக்குக்கும் சீடைக்கும் ஓலைக்கொட்டான்தான். சாத்தூர்ப் பக்கத்து அக்காமாருக்கு ஓலையைப் பத்தி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. குருத்தோலையைக் காயவச்சு, ஈர்க்கு நீக்கி, முடையுறதுக்கு முன்னாடி நனைக்கணும் என்பது அவங்களுக்குத் தெரியும். அவங்ககிட்டே கேட்டுப் பழகிக்கோங்க.

இப்போ ஒண்ணு சொல்றேன், இதைக் கண்டிப்பாக் கேளுங்க. "காகிதம்தானே"ன்னு பட்டாசு ஆபீஸிலிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீங்க. கழிச்சுப்போட்ட குழாய், பூச்சட்டிக் கோன், திரித் துண்டு, மருந்து அறைப் பக்கம் கிடந்த கலர் பேப்பர், எதுவும் வேண்டாம். குழாய் பார்க்க அழகா இருக்கும், பேனா ஸ்டாண்டு செய்யலாம்னு கை துறுதுறுக்கும். அதுக்குள்ளே ஒட்டியிருக்கிற அலுமினியப் பொடியும் மணிமருந்துத் தூசியும் கண்ணுக்குத் தெரியாது. அடுப்புப் பக்கத்தில் வெயில் பட்டுக் காயுற பொருளில் அது இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியை இந்த ஊரில் யாரும் மறக்கலை. லைசென்ஸ் இல்லாம வீட்டில் திரி சுத்துறதும் மருந்து நிறைக்கிறதும் சட்டப்படி குத்தம், அது தனிக்கதை. நான் சொல்றது, வெறும் அட்டைன்னு நினைச்சு எடுக்கிற அட்டையைப் பத்தி. தாள் வேணும்னா அச்சகத்தில் கேளுங்க, எடைக்கடையில் கேளுங்க. எடைக்கடையிலும் எங்கேயிருந்து வந்ததுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க.

சுவரைப் பத்திக் கொஞ்சம். சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிச்சு, கீழே முழங்கால் உயரத்துக்குக் காவிப்பட்டை போட்டா வீடு குளிர்ச்சியா இருக்கும். ஏற்கெனவே பெயிண்ட் அடிச்ச சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது, உதிர்ந்துடும், சுரண்டிட்டுத்தான் அடிக்கணும். புதுச் சுண்ணாம்பை நீத்துறப்போ கொதிக்கும், பிள்ளைங்களைத் தள்ளி நிறுத்துங்க. கண்ணில் தெறிச்சா பார்வைக்கே ஆபத்து.

ஜன்னலுக்குப் பழைய நூல் சேலையே போதும். அடுப்படி ஜன்னலில் மட்டும் நைலான், பாலியஸ்டர் எதுவும் தொங்கக் கூடாது.

அப்புறம் நம்ம வீட்டுக் காலண்டர் சாமிங்க. ஒரு சுவரில் பதினொரு முருகரை மாட்டி வச்சிருக்கிற வீட்டை நான் பார்த்திருக்கேன். பத்து முருகர் ஆணி துருப்பிடிச்சுச் சாய்ஞ்சு நிக்கிறாங்க. தூக்கிப்போட மனசு வராது, சரிதான். கோவில்பட்டி கொண்டையராஜு வரைஞ்ச படங்களை இன்னைக்கும் தேடி எடுத்துச் சேர்த்து வைக்கிறாங்க. அதனால் நல்லதா ஒண்ணு தேர்ந்தெடுங்க. காலண்டர் அட்டையையே பின்பலகையா வச்சு, ஆர்ட் பேப்பரைக் குச்சி மாதிரி உருட்டி நாலு பக்கமும் சட்டம் ஒட்டுங்க. உருட்ட உங்களுக்குச் சொல்லவா வேணும்? மீதிப் படங்களை மடிச்சுப் பெட்டியில் வைங்க. காலியான சுவரும் ஒரு அழகுதான், எங்க வீட்டில் இதை ஒத்துக்க வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

இதை விக்கலாமான்னு கேட்பீங்க. பூமாலை வணிக வளாகத்திலும் குழுக்களுடைய கண்காட்சியிலும் கைவினைப் பொருளுக்கு இடம் உண்டு. ஆனா முதல் கூடையை விக்காதீங்க. ஒரு மழைக்காலம் நம்ம வீட்டில் இருக்கட்டும். எங்கே பூஞ்சை பிடிக்குது, எங்கே விரிசல் விடுதுன்னு பார்த்துட்டு விலை பேசலாம்.

வர்ற சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்குக் கூட்டமைப்புக் கட்டடத்தில் செய்து காட்டுறேன். நூறு கிராம் வெந்தயத்தை முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட்டுக் கொண்டுவாங்க. கவுக்க ஒரு சட்டி, ஒரு பழைய துணி. தாளை இப்போதே கிழிச்சு ஊறப்போட்டாத்தான் அன்னைக்கு அரைக்க முடியும். ஆட்டுரல் கட்டடத்துக்குப் பின்னாடி கிடக்கு. குழவியைத்தான் காணோம், யார் வீட்டில் இருந்தாலும் கொண்டுவந்துடுங்க.