நிரல் பழகும் பிள்ளைக்கு முறை முதலிலா, முயற்சி முதலிலா?

நிரல் எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு நல்ல நடைமுறைகளை முதலிலேயே சொல்லிக்கொடுப்பதா, தட்டித் தடுமாறிப் பழக விடுவதா என்ற கேள்வி பழையது. 1968இல் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 'கோ டு' கட்டளை நிரலைச் சிக்கலாக்குகிறது என்று எழுதி ஒழுங்கை வற்புறுத்தினார். லோகோ நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், பிழையைத் தேடித் திருத்துவதில்தான் கற்றல் நடக்கிறது என்றார். இரண்டும் தேவை, எது முதலில் என்பதே கேள்வி.

விடை காண 'தமிழ்' என்ற சொல்லே போதும். த, மி, ழ்: மூன்றெழுத்து. பைத்தான் நிரல்மொழியில் அதன் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும். யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்தும் தனித்தனிக் குறிகள். சொல்லைத் திருப்பிப் போட்டால் புள்ளி முன்னே வந்து தனியே தொங்கும். 'மி'யின் இகரக் குறி ழகரத்தில் ஒட்டி 'ழி' ஆகிவிடும். தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்த உயிர்மெய் அப்போதுதான் பிள்ளைக்குக் கண்முன் தெரியும். "ஏன் இப்படி?" என்று அது கேட்கும். எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் 'ஓப்பன் தமிழ்' நிரல் தொகுப்பைக் காட்ட வேண்டிய நேரம் அதுவே. கேள்வி பிறக்கும் முன் சொன்னால் அதுவும் இன்னொரு மனப்பாடம்.

சில பழக்கங்கள் மட்டும் முதல் நாளிலேயே வேண்டும். மாறிக்குப் பொருள் விளங்கும் பெயர் வைப்பது ஒன்று. பைத்தான் 3இல் அதைத் தமிழிலேயே வைக்கலாம். சிறிது எழுதியதும் ஓட்டிப் பார்ப்பது, சரியாக ஓடியதைச் சேமித்த பிறகே மாற்றுவது ஆகியவை மற்றவை. கடவுச்சொல், பிறருடைய தகவல் ஆகியவற்றைக் கையாளும் நிரலில் முறைதான் முந்த வேண்டும். அங்கே நேரும் பிழை அடுத்தவரைச் சுடும். சோதனை நிரல்களும் வடிவமைப்பு விதிகளும் காத்திருக்கலாம். ஓரிடத்தில் தொட்டால் வேறிடத்தில் உடையும் அளவுக்கு நிரல் வளரும்போது அவற்றின் அருமை தானே புரியும்.

வீட்டில் தமிழ் பேசிப் பழகுவதற்கும் இதே வரிசைதான்: முயற்சி முதலில், திருத்தம் பிறகு. "நேத்து நான் ஸ்கூலுக்குப் போவேன்" என்னும் பிள்ளையைப் பாதியிலேயே திருத்தினால், அடுத்த வாக்கியம் ஆங்கிலத்தில் வரும். முழுக்கக் கேட்டுவிட்டு, "நேத்துப் போனியா? அங்க என்ன நடந்துச்சு?" என்று அம்மா கேட்டால், 'போனேன்' பிள்ளையின் வாயில் தானே வந்து சேரும்.

பெற்றோர், பிள்ளையின் பெயரைத் தமிழில் தட்டச்சிட்டு அதன் நீளத்தைக் கணினியிடம் கேட்கச் சொல்லலாம். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் உடனே விளக்கிவிட வேண்டாம். "ஏன்?" என்று பிள்ளை கேட்கும்வரை காத்திருந்தால் போதும்.